மூன்று மணிக்கு எழும்புகிறவன்

குடையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று சூசையம்மா சொன்னபோது பிலோமினம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிய ஊர், புதிய வீடு. வீட்டுக்காரிக்குத் தன்னைப் பிடித்துப்போக வேண்டுமே என்ற தவிப்புத்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"காஞ்ச குடைதான் அக்கா. ஒரு சொட்டு ஈரமில்லை."

"ஓம் பிள்ளை. எண்டாலும் உள்ளுக்கு வேண்டாம். கிணத்தடி மரத்தில கொழுவிவிடும்."

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டு, வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை செய்த பெண் பிள்ளைப்பேற்றுக்கு லீவு போட்டிருந்தாள். அந்த இடத்துக்கு மூன்று மாதம் மட்டும் பிலோமினம்மாவை எடுத்திருந்தார்கள். அவளுக்கு இருபத்தொரு வயது. இளவாலை வீட்டை விட்டு ஓர் இரவுகூட வேறெங்கும் தங்கியறியாதவள். கூட வந்த அண்ணன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, சூசையம்மா கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு, யாழ்ப்பாணம் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். சூசையம்மா நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க விதவை, பிள்ளைகள் இல்லை, கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கை, கந்தோருக்கு நடந்தே போகலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றுதான் அண்ணனும் நினைத்தான்.

அன்று பின்னேரம் சோளகக் காற்று எழும்பிற்று. கடல் பக்கமிருந்து உப்பையும் காயப்போட்ட கருவாட்டின் நாற்றத்தையும் வாரிக்கொண்டு வந்து, வேலி ஓலைகளைச் சரசரக்க வைத்து, அவளுடைய அறையின் யன்னல் கதவைத் திறப்பதும் அடிப்பதுமாக விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது. முட்டுக்கொடுக்க ஒரு தடி தேடினாள். அறையில் இல்லை. குசினிக்குப் போனாள். உரல் இருந்தது, உலக்கை இல்லை. அடுப்பு விறகு எல்லாம் விரல் நீளத்துக்குச் சிராய் சிராயாகப் பிளக்கப்பட்டிருந்தது. மூலையில் கிடந்த, வீடு கூட்டுகிற தும்புத்தடியில் தும்பு மட்டும்தான் இருந்தது, பிடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். முற்றத்தில் கொடிக்கு முண்டு கொடுக்கும் கம்புகூட இல்லை. விறாந்தையில் இருந்த ஒரே கதிரை, யன்னல் கம்பியோடு கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

"என்ன தேடுறீர்?" சூசையம்மா பின்னால் நின்றாள்.

"யன்னலுக்கு ஒரு தடி அக்கா."

"இந்த வீட்டில தடி, பொல்லு ஒண்டும் வைக்கிறேல்லை பிள்ளை." அவள் தன் சேலைக் கரையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, யன்னல் கதவைக் கம்பியோடு கட்டிவிட்டாள். கட்டி முடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு கிழமை வேலையிலேயே போயிற்று. காலையில் கந்தோருக்குப் போகிற வழியில் கடல் கண்ணைக் குத்துகிற வெள்ளையாகக் கிடக்கும். துறையில் காரைநகர் வள்ளத்துக்கு ஆட்கள் நிற்பார்கள். தலைமை எழுதுவினைஞர் இராசநாயகம் கதைகாரர் அல்ல, கடிதங்களை மேசையில் வைத்து "இண்டைக்கு முடியவேணும்" என்பார். முடித்துக் கொடுத்தாள். தன் கையால் ஒரு வேலை ஒழுங்காக நடக்கிறது என்பது அவளுக்குப் புதிய சந்தோசமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீடு திரும்பியபோது சூசையம்மாவின் கீழுதடு வெடித்து வீங்கியிருந்தது. கிணற்றடியில் வழுக்கியது என்றாள்.

வியாழக்கிழமை பிலோமினம்மா குடையை மறந்துபோனாள். முதல்நாள் வெயிலில் பிடித்துக்கொண்டு வந்ததை, பழக்கதோசத்தில் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலின் கீழே வைத்துவிட்டாள். அதை எடுக்காமலே கந்தோருக்கும் போய்விட்டாள். பின்னேரம் படலையைத் திறந்தபோது குடை முற்றத்தில் கிடந்தது. கம்பிகள் நாலா பக்கமும் முறிந்து விரிந்திருந்தன. மரப்பிடி நெடுக்காகப் பிளந்திருந்தது.

சூசையம்மா உள்ளறையில் நிலத்தில், சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். எழும்ப முடியவில்லை. பிலோமினம்மா சட்டையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். முதுகெங்கும், தோளிலிருந்து இடுப்பு நாரி வரைக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அடிபட்ட நீலக் கண்டல்கள். ஒவ்வொன்றும் முனையில் வளைந்திருந்தது. குடைப்பிடியின் வளைவு.

"ஆரக்கா அடிச்சது?"

"நான் சொன்னனான்தானே பிள்ளை, உள்ளுக்கு வேண்டாமெண்டு." குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

"ஆர் அடிச்சது எண்டு கேக்கிறன்!"

"இஞ்ச ஆர் இருக்கினம் அடிக்க?"

அடுத்தநாள் வேலை முடிந்து வருகிற வழியில், பக்கத்து வீட்டு அல்போன்சம்மாவைப் பிடித்துக் கேட்டாள். அறுபது வயதுக் கிழவி, படலையடியில் இருந்து வலைக்கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"உனக்கு அவள் ஒண்டும் சொல்லேல்லையே? அவளின்ரை மனிசன் சில்வெஸ்ரர். விடியக் கடலால வருவான். பத்து மணிக்குக் கள்ளு. பேந்து படுப்பான். மூண்டு மணிக்கு எழும்புவான். எழும்பினவுடன அடி. ஆக்கள் தேத்தண்ணி குடிக்கிற மாதிரி அவனுக்கு அது. கையில என்ன அகப்படுதோ அதால."

"இப்ப அவர் எங்கை?"

"செத்து மூண்டு வருசம். வயித்துக்குத்து எண்டு படுத்தவன் எழும்பேல்லை. பெட்டி இறக்கினதை நான் கண்ணால பார்த்தனான்."

காற்று ஒழுங்கைப் புழுதியைச் சுழற்றிக்கொண்டு போயிற்று.

"அவர் அடிக்கேக்கை நீங்கள் ஒருத்தரும் போய்த் தடுக்கேல்லையோ?"

"கதவைச் சாத்திப்போட்டு இருந்தனாங்கள்." கிழவியின் கை நின்றது. "இப்பவும் சாத்திறனாங்கள்."

சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, பிலோமினம்மா தன் அறையில் வீட்டுக்குக் கடிதம் எழுத இருந்தாள். ஓடுகள் சூட்டில் மெல்ல நொறுநொறுத்தன. எங்கோ ஒரு கோழி இடைவிடாமல் கேறிவிட்டு ஓய்ந்தது. வெள்ளை மணல் முற்றத்தில் பட்ட வெயில் யன்னல் வழியே தெறித்து, அறைச் சுவரில் வேலி ஓலைகளின் நிழலை ஆட்டிக்கொண்டிருந்தது. அன்பான அண்ணைக்கு என்று எழுதியதோடு பேனை நின்றுவிட்டது. காது வேறெதற்கோ காத்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குச் சற்று முன், ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு அதற்கு இங்கால் ஒன்று. பிறகு எதிர்வீடு. கொண்டி போடும் ஓசை. அல்போன்சம்மாவின் கதவு கடைசியாகச் சாத்தப்பட்டது.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. கனத்த உடம்பு ஒன்று எழுந்து இருக்கும் ஓசை. ஆண் குரலில் ஒரு செருமல், காறல். நிலத்தில் பாதம் வைக்கும் சத்தம், ஒன்று, இரண்டு. புளித்த கள்ளின் நாற்றம் கதவிடுக்கால் மெல்ல வந்தது, பின்னாலேயே ஈர வலையின் நாற்றம்.

பிறகு பளாரென்று கன்னத்தில் அறை விழும் சத்தம்.

பிலோமினம்மா எழுந்து ஓடினாள். உள்ளறைக் கதவு பூட்டப்படவில்லை. கட்டில் வெறுமை. அதன் பாய் நடுவில் பள்ளமாகக் கிடந்தது. மூலையில் சூசையம்மா குந்தியிருந்தாள், இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு. அறையில் வேறு யாருமில்லை. அந்த வெறுமையில் சூசையம்மாவின் கொண்டை அவிழ்ந்தது. தலைமயிர் முழுவதும் ஒரு பிடியாகத் திரண்டு மேலே எழும்பிற்று. அதோடு அவளும் எழும்பினாள், கால் பெருவிரல்கள் நிலத்தைத் தேட. பிறகு அவளுடைய முகம் சுவரில் போய் மோதியது. ஒரு தரம். இன்னொரு தரம். சுண்ணாம்புச் சுவரில் சிவப்பாக ஒட்டிற்று. அவள் கத்தவில்லை. இருபத்தைந்து வருசமாகப் பழகிய உடம்பு, அடி விழும்போது மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டது.

பிலோமினம்மா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் படலைப் பக்கம் ஓடியிருப்பாள். பாய்ந்து போய்ச் சூசையம்மாவைக் கட்டிப் பிடித்து, தன் முதுகால் அவளை மறைத்துக்கொண்டு, அந்த வெறுமையைப் பார்த்து நின்றாள்.

"விடு! விடடா அவவை!"

நின்றுவிட்டது.

கோழி திரும்பக் கேறியது. கள்ளு நாற்றம் அவளுடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. சூடாக. மூச்சு விடுவதுபோல வந்து வந்து போயிற்று. அவளுடைய நெற்றியிலிருந்து தொடங்கி, மூக்கு, உதடு, கழுத்து என்று அந்தச் சூடு மெல்ல இறங்கிற்று. பார்க்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு அதுவும் இல்லை.

"நிண்டிட்டுது," என்றாள் சூசையம்மா. இரத்தம் வழியும் வாயால் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "பிள்ளை, நிண்டிட்டுது."

அன்றிலிருந்து அவள்மேல் அடி விழவில்லை. ஒரு கிழமை போயிற்று. இரண்டு போயிற்று. கண்டல்கள் மஞ்சளாகி மறைந்தன. சூசையம்மா தலைக்கு எண்ணெய் வைத்து முழுகினாள். பாரை மீனும் முருங்கைக்காயும் போட்டுக் குழம்பு வைத்து, பிலோமினம்மா சாப்பிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். ஒருநாள் பழைய கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி முற்றம் கூட்டினாள். அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த அக்கா என்னைத் தன் பிள்ளை மாதிரிப் பார்க்கிறா என்று பிலோமினம்மா எழுதினாள். நடந்ததை எழுதவில்லை. எழுதினால் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான். வேலையும் போய்விடும். தன்னால்தானே ஒரு பெண் நிம்மதியாக இருக்கிறாள் என்ற பெருமையும் அவளுக்குள் இருந்தது.

ஆனி மாதத்து ஒரு புதன்கிழமை, கந்தோரில் இருந்து ரைப் அடித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய பின்னலை யாரோ இழுத்தார்கள்.

மெல்லத்தான். நுனியைப் பிடித்து, நீளம் பார்ப்பதுபோல. திரும்பிப் பார்த்தாள். அலுமாரியும் சுவரும்தான். மேலே மணிக்கூடு மூன்று காட்டியது.

வியாழக்கிழமை, அதே நேரம். பின்னல் கையில் சுற்றப்படுவதை உணர்ந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, கழுத்தடி வரைக்கும். தலை பின்னால் வளைந்தது. காதுக்குள் கள்ளு நாற்றம். விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை கன்னத்தில் அறை விழுந்தது.

கதிரையோடு சரிந்தாள். வாய்க்குள் இரத்தம் உவர்த்தது. எதிர் மேசையில் இருந்த இராசநாயகம் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கன்னத்தில் நாலு விரல்கள் சிவந்து எழும்புவதை நன்றாகவே பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு பைலைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டார்.

வீட்டில் சூசையம்மா அந்த விரல் அடையாளத்தை நெடுநேரம் பார்த்தாள். விளக்கடிக்குக் கூட்டிப்போய் நாடியைப் பிடித்துத் திருப்பியும் பார்த்தாள். தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தடவினாள். அவளுடைய கை அன்றைக்கு நடுங்கவே இல்லை.

"அக்கா, அந்தாள் இப்ப என்னட்டை வருது."

"பயப்பிடாதையும்."

"நாளைக்கு நான் வீட்டை போகப்போறன். ரண்டே முக்கால் பஸ்ஸுக்கு."

"போட்டு வாரும் பிள்ளை. நானும் நாளைக்கு மடுத் திருநாளுக்குப் போறன். மாதாவிட்டை உமக்காகவும் மண்டாடுறன்."

பிலோமினம்மாவுக்கு அழுகை வந்தது. அவளுடைய மடியில் முகத்தை வைத்து அழுதாள். சூசையம்மா தலையைத் தடவிக்கொடுத்தாள். விரல்கள் பின்னலில் வந்ததும் மட்டும் சட்டென்று விலகின.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வேலையால் வந்தபோது சூசையம்மா போய்விட்டிருந்தாள். உள்ளறை வெறுமையாகக் கிடந்தது. அலுமாரியில் ஒரு துணிகூட இல்லை. இரண்டு நாள் திருநாளுக்கு இவ்வளவும் எதற்கு என்று எண்ணிக்கொண்டே தன்னுடைய பெட்டியை அடுக்கினாள். இரண்டரை மணிக்குப் படலையடியில் ஆள் அரவம் கேட்டது. அல்போன்சம்மா. இந்த வளவுக்குள் அவள் கால் வைத்ததை அதுவரை பிலோமினம்மா கண்டதில்லை. கிழவி உள்ளே வராமல் அங்கேயே நின்றாள்.

"பிள்ளை, மடுவுக்குப் போறவள் யாழ்ப்பாண பஸ்ஸல்லோ எடுக்கவேணும்? இவள் பெட்டி படுக்கையோட காரைநகர் வள்ளத்துக்கு நிக்கிறாள்."

"ஏன்?"

"அவள் இனித் திரும்பி வரமாட்டாள். உனக்கு முதல் மூண்டு பெட்டையள் வாடகைக்கு இருந்தவளவை. மூண்டு பேரும் சத்தத்தைக் கேட்டுப்போட்டு ஓடினவளவை." கிழவி தொண்டையைச் செருமினாள். "நீதான் அவளை மறைச்சு முன்னுக்குப் போய் நிண்டனீ. நீ கத்தினது எனக்குக் கேட்டது. நான் உனக்கு அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை."

பஸ் நிலையம் ஒரு பக்கம், துறை மறுபக்கம். சந்தியில் ஒரு கணம் நின்றாள். பஸ்ஸில் ஏறினால் போகலாம்தான். ஆனால் மூன்று மணி என்பது பஸ்ஸுக்குள்ளும் வரும். இளவாலையிலும் வரும். கேட்கவேண்டும். அதை அவளிடம்தான் கேட்கவேண்டும். பெட்டியைக் கடையொன்றின் வாசலில் போட்டுவிட்டு ஓடினாள்.

வெயில். உப்புக் காற்று. மணலில் கால் புதைந்தது.

சூசையம்மா துறையின் நுனியில் நின்றாள். வள்ளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறியிருந்தார்கள். இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"அக்கா!"

திரும்பினாள். முகத்தில் ஒரு காயமில்லை. பத்து வயது குறைந்த முகம்.

"நான் உம்மைக் கேக்கேல்லை பிள்ளை," என்றாள் உடனே, அந்த வார்த்தைகளை நெடுநாள் ஆயத்தப்படுத்தி வைத்தவள்போல. "நீரா வந்து நிண்டனீர்."

"உங்களைக் காப்பாத்தத்தானே வந்தனான்!"

"ஓம். காப்பாத்திப்போட்டீர்."

"எனக்கு என்ன செய்யச் சொல்லுறியள்? இதை எப்பிடி விடுறது?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா இருபத்தைஞ்சு வருசம் கிடந்திருப்பனோ?" கண்கள் நிறைந்தன, ஆனால் காலை எடுத்து வள்ளத்தில் வைத்தாள். "என்னை மன்னியும்."

பிலோமினம்மா அவளுடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அக்கா, உங்களைக் கும்பிட்டன். தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ."

"ஏலாது." சூசையம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் கழற்றினாள். "நீர் வந்தா அவரும் வருவார்."

வள்ளம் விலகியது. ஒரு முழம் தண்ணீர். மூன்று முழம். குதிக்கலாமா என்று எட்டிப் பார்த்தாள். பச்சைத் தண்ணீரில் தன் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. மூன்று மணி ஆகிவிட்டது.

கள்ளு நாற்றம்.

ஓட நினைத்தாள். பின்னல் இறுகியது.

ஒரு சுற்று. இரண்டு. கழுத்தடி வரைக்கும்.

முதல் அடி நாரியில். முழங்கால் மடிந்தது. இரண்டாவது வாயில். பல் ஒன்று நாக்கில் உருண்டது. கத்தினாள். வலை தைத்துக்கொண்டிருந்த ஆண்கள் நாலைந்து பேர் எழும்பினார்கள். ஒருவன் இரண்டடி முன்னால் வந்தான். தனியே நிற்கும் பெண்ணின் தலை பின்னால் இழுபட்டு, வெறும் காற்றில் முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவதைக் கண்டான். சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினான்.

"பிடியுங்கோ! என்னைப் பிடியுங்கோ அண்ணை!"

யாரும் பிடிக்கவில்லை.

மல்லாக்க விழுந்தாள். இழுத்தது. துறையின் கல்லில் தோள் தேய்ந்தது. பிறகு மணல். கைகள் மணலைப் பிடித்தன. மணல் விரலிடுக்கால் போயிற்று. ஒழுங்கைப் பக்கம். வீட்டுப் பக்கம்.

தூரத்தில் வள்ளத்தின் பின்பக்கம் சூசையம்மா நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமினம்மாவின் கால்களுக்கு அப்பால், அவள் இழுபட்டு வந்த வழி வெயிலில் நீண்டு கிடந்தது. அவளுடைய குதிக்கால்கள் கீறிய இரண்டு கோடுகள். அந்தக் கோடுகளுக்கு நடுவே, அவளுடைய உடம்பு தாண்டிப் போகப் போக, ஒவ்வொன்றாக வெளிப்பட்டன, அகன்ற வெறும் பாதங்களின் தடங்கள், விரல்கள் விரிய ஆழமாகப் புதைந்து, ஈரமாக.